தட்டியிலிருந்து கம்பி வலைக்கு

வீட்டு முகப்பில் வலைத்திரை மாட்டுவது பெருநகரத்தின் புதிய மோகம். கோலார் தங்கவயலுக்கு அது நூற்றாண்டுப் பழக்கம். ஆனால் அங்கே ஆடிக்காற்று வேறு கணக்குப் போடுகிறது.

பெங்களூருவின் வசதியான பேட்டைகளில் புதிதாக எழும்பும் தனி வீடுகள் முகத்தைக் காட்ட வெட்கப்படுகின்றன. ஒரு காலத்தில் சலவைக்கல்லும், பிறகு நீலக் கண்ணாடியுமாகப் பளபளத்த முகப்புகளின் மீது இப்போது முதல் மாடியிலிருந்து மொட்டை மாடிவரை ஒரு கம்பி வலை தொங்குகிறது. அலுமினியத் தகட்டைக் கீறி இழுத்த வலை, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் நெய்த வலை, துளையிட்ட தகடு என்று ரகம் ரகமாக. பகலில் தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரு முழுவதும் தெரியும். வெயில் பாதி, காற்று முக்கால், அந்தஸ்து முழுசாக.

இந்த நகரத்துக்குத் தினமும் அதிகாலை ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தில் பெரும் பங்கு கிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் கோலார் தங்கவயலிலிருந்து வருகிறது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, பங்காருப்பேட்டையில் பெரிய லைனைப் பிடித்து, வேலை முடிந்ததும் வந்த வழியே திரும்பும் கூட்டம். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், கொத்தனார்கள், வெல்டர்கள். பெங்களூருவின் வலைத்திரைகளைச் சட்டத்தில் பொருத்திவிட்டு வருபவர்களும் இவர்களில் இருக்கக்கூடும். அவர்கள் இறங்கும் ஊரில் இந்த வலைக்கு வேறு ஒரு பெயர் இருந்தது: தட்டி.

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880-ல் கோலாரில் கால் வைத்தபோது அங்கே பாறையும் புதரும்தான். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பங்கள், சுரங்க வேலைக்கு வந்து சேர்ந்தன. அவர்களுக்குக் கம்பெனி வரிசை வரிசையாகக் குடிசைகள் போட்டது. அந்த வரிசைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். இன்றும் அதே பெயர்தான். ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி அறை. சுவர் என்று சொல்லப்பட்டது பிளந்த மூங்கிலில் பின்னிய தட்டி. மைசூர் சமஸ்தானத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்’ (1998) என்ற நூலைப் புரட்டினால் அந்தத் தட்டி வீடுகளின் வாழ்க்கை தெரிய வரும். கல்லும் செங்கல்லும் கொண்ட லைன் வீடுகள் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாகத்தான் வந்தன.

தட்டி என்பது அசல் வலைத்திரைதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பட்டைகள், நடுவே நூலளவு இடைவெளி. வெளிச்சம் பொடிப்பொடியாக உள்ளே விழும், காற்று கசியும், கூடவே குளிரும் மழைச் சாரலும். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் மார்கழி இரவு எப்படியிருக்கும் என்பதை மூன்றாவது ஷிப்ட் முடித்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அடுத்த வீட்டுச் சண்டையும் இருமலும் தட்டி வழியே தாராளமாக வந்து போகும். மறைவு என்பது மட்டும் வராது.

அதே ஊரில், அதே கம்பெனி கட்டிய இன்னொரு ரக வீடும் இருந்தது. அதிகாரிகளின் பங்களா. கனமான கல் சுவர், உயர்ந்த கூரை, சுற்றிலும் வராந்தா. வராந்தாவின் விளிம்பில் மெல்லிய மரச்சட்டங்களைச் சாய்சதுரமாகப் பின்னிய திரை. பெங்களூரு கன்டோன்மென்ட்டின் பழைய பங்களாக்களில் ஜன்னலுக்கு மேல் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும், ‘மங்கி டாப்’ என்று அழைக்கப்பட்ட மரச்சட்டத் தொப்பியும் இதற்குச் சொந்தம்தான். தெற்கு வெயிலும் சாரலும் அந்தப் பின்னலில் தடுக்கப்பட்டு, சுவரைத் தொடும்போது பாதி பலம் இழந்திருக்கும். துரைசாணி வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது தோட்டக்காரரின் கண்ணுக்குப் படாது.

ஆக, ‘குட்டி இங்கிலாந்து’ என்று புகழப்பட்ட ஊரில் இரண்டு வலைகள். பங்களாவில் வலை சுவருக்கு முன்னால் இருந்தது. லைனில் சுவருக்குப் பதிலாக இருந்தது. வீட்டு முகப்பில் வலைத்திரை என்ற சமாச்சாரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும். பின்னால் ஒரு நல்ல சுவரும் மூடத்தக்க ஜன்னலும் இருந்தால்தான் வலை ஒரு சௌகரியம். அது இல்லாவிட்டால் வலை என்பது ஓட்டை.

வெயில் விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வலைத்திரை விற்பவர்கள் அழகைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை. தங்கவயல் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. உச்சி வெயிலைச் சமாளிக்கக் கூரையும் இரண்டடி சஜ்ஜாவும் போதும். தொந்தரவு கொடுப்பது காலை எட்டு மணி, மாலை நாலு மணிச் சூரியன். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்வாக வரும் அந்த வெயில் சஜ்ஜாவுக்கு அடியில் புகுந்து சுவரையும் ஜன்னலையும் நேராக அறைகிறது. சுவர் பகல் முழுதும் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைக்குள் கக்குகிறது. உள்ளே திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையுமே தவிர சூடு குறையாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் வந்ததுதான். வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். பாதி திறப்புள்ள ஒரு வலை நேராக வரும் வெயிலில் பாதியை வெளியே நிறுத்துகிறது. கனமான தகடு வலையாக இருந்தால் சாய்வாக வரும் வெயிலில் இன்னும் அதிகம். வலை தானும் சூடேறும், உண்மைதான். ஆனால் அதற்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓட இடம் விட்டிருந்தால் அந்தச் சூடு மேலே போய்விடும். சுவரோடு ஒட்டி ஆணி அடித்த வலை வெறும் அலங்காரம்.

இதெல்லாம் மேல்நாட்டுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் தமிழ் அகராதியைப் பார்க்கலாம். ஜன்னல் என்ற போர்த்துகீசிய வரவுக்கு முன்பு நம்மிடம் இருந்த சொற்களில் ஒன்று பலகணி - பல கண்களை உடையது. இன்னொன்று காலதர் - காற்று வரும் வழி. மான் கண் வடிவத் துளைகள் கொண்ட சாளரத்தைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. பலகை போட்டு மூடித் திறக்கும் ஒற்றை ஓட்டை அல்ல, துளைகள் நிறைந்த திரைதான் அன்றைய ஜன்னல். கர்நாடகத்திலேயே பேலூர் சென்னகேசவர் கோவில் மண்டபத்தின் கல் சல்லடைகளும், தங்கவயலிலிருந்து அதிக தூரமில்லாத நந்தி கிராமத்துப் போகநந்தீஸ்வரர் கோவிலின் துளைக்கல் சாளரங்களும் இதே வேலையைத்தான் பார்க்கின்றன. ஜெய்ப்பூரில் 1799-ல் கட்டிய ஹவா மஹால் முழுக்க முழுக்க ஒரு வலைத்திரை முகப்பு. அரச குடும்பத்துப் பெண்கள் தெருவைப் பார்க்கவும் தெரு அவர்களைப் பார்க்காமலிருக்கவும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சங்கதியை மறுபடி கையில் எடுத்தவர்களில் இருவரைச் சொல்லாமல் முடியாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த ‘கோல்கொண்டா’ விடுதி 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. அதன் நீண்ட முகப்புகளில் கண்ணாடி கிடையாது. திருப்பித் திறக்கக்கூடிய சாய்பலகைகள்தான் மேலிருந்து கீழ்வரை. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் மின்விசிறியை மறக்கடிக்கும் கட்டடம். இன்னொருவர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் 1970களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியே ஜாலிச் சுவர் எழுப்பினார். ஜன்னல் சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி எல்லாச் செலவும் மிச்சம். பணக்காரர்களின் ஜாலியை ஏழைகளின் பட்ஜெட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையில்லை.

உலோகம் பின்னால்தான் வந்தது. தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சாய்சதுரக் கண்கள் திறக்கும். ஒரு துணுக்கு உலோகம்கூட வீணாகாது. இந்த வித்தைக்கு 1880களில் காப்புரிமை வாங்கியவர் ஜான் ஃபிரெஞ்ச் கோல்டிங் என்ற அமெரிக்கர். வெகுகாலம் அது சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலும் தொழிற்சாலை நடைபாதைகளிலும் ஒளிந்து கிடந்தது. கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் கெரி 1978-ல் தன் சொந்த வீட்டின் மீதே பின்னல் கம்பி வேலியை மாட்டி அக்கம்பக்கத்தாரின் சாபத்தை வாங்கிக்கொண்டார். 1990களில் பாரிஸின் புதிய தேசிய நூலகத்துக்குள் டொமினிக் பெரோ நெய்த எஃகுத் திரைகளைத் தொங்கவிட்டார். நியூயார்க்கில் 2007-ல் திறந்த நியூ மியூசியம் கட்டடம் முழுவதும் அலுமினிய வலை போர்த்தி நிற்கிறது. கோழிக்கூண்டுச் சாமான் என்று ஒதுக்கப்பட்டது கௌரவமடைய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆனால் வீட்டு முகப்பில் வலை போட்டதால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு என்பது கட்டடக்கலைப் புத்தகங்களில் அதிகம் வராத சேதி. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் 1897-ல் உறுதிப்படுத்திய கையோடு, இத்தாலியில் பாட்டிஸ்டா கிராஸி 1900-ல் ஒரு பரிசோதனை நடத்தினார். மலேரியா பேயாட்டம் ஆடிய சமவெளியில் ரயில்வே ஊழியர்களின் வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி வலை. மாலையானால் எல்லோரும் உள்ளே. பாதுகாக்கப்பட்ட 112 பேரில் காய்ச்சல் கண்டவர்கள் 5 பேர். வலையில்லாத அண்டை அயலார் கிட்டத்தட்ட அத்தனை பேரும் படுத்தார்கள். பனாமா கால்வாய் வெட்டிய அமெரிக்கர்கள் 1904-க்குப் பிறகு குடியிருப்புகளுக்குத் தாமிர வலை அடித்ததும் இதே பாடத்தை வைத்துத்தான். இன்றைக்கு நாம் ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலை அந்த வம்சம். அதற்கும் முகப்பு வலைத்திரைக்கும் உறவு உண்டே தவிர இரண்டும் ஒன்றல்ல. முகப்பு வலையின் கண்ணில் கொசு என்ன, குருவியே புகுந்துவிடும். ‘மெஷ் போட்டாகிவிட்டதே’ என்று கொசு வலையை விட்டுவிடுபவர்கள் பிறகு கொசுவர்த்திக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

வலையின் கண் அளவு என்றால் என்ன என்று தங்கவயல்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த ஊரின் செல்வமே ஒரு சல்லடை வழியாகத்தான் வந்தது. சுரங்கத்திலிருந்து மேலேறிய பாறையை மில்லில் இரும்பு உலக்கைகள் இடிக்கும். தண்ணீரோடு சேர்ந்த அந்தக் கூழ் கம்பிச் சல்லடையின் கண்களைத் தாண்டினால்தான் அடுத்த கட்டம். பாதரசம் பூசிய தாமிரத் தகடுகளில் தங்கம் ஒட்டிக்கொள்ளும். தப்பியதைச் சயனைடு கரைசல் பிடிக்கும். சல்லடையின் நம்பர் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் என்ற கணக்கு. ஜன்னல் கொசு வலை 16 அல்லது 18 நம்பர். ஒரு கண் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 200 நம்பர் என்றால் கண்ணின் அகலம் 75 மைக்ரான், தலைமுடிப் பருமன். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணில் கணிசமான பகுதி இதைவிடவும் பொடி.

அந்த மண் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. சுரங்கம் இயங்கிய 120 ஆண்டுகளில் வெளியே எடுத்த தங்கம் சுமார் 800 டன். அதற்காக இடித்துப் போட்ட பாறையின் மாவு ஊரைச் சுற்றி 13 குன்றுகளாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ‘சயனைடு குன்று’ என்பார்கள் ஊரில். 2018-ல் வெளியான கன்னடப் படம் ‘கே.ஜி.எஃப்.’ அங்கே செட் போட்டுப் படமெடுத்து உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது. படம் பார்த்துவிட்டு வருபவர்கள் அந்தச் சாம்பல் நிற மேட்டின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போகிறவர்களுக்கு ஆடி மாதம் தெரியாது.

தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் குன்றுகளின் மேற்பரப்பு எழுந்து நடக்கிறது. லைன் வீடுகளின் கொடியில் காயும் துணி, மூடாத தண்ணீர்க் குடம், சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் வெள்ளை மாவு. இது வெறும் அழுக்கு அல்ல. பாறையில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். அந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே 1934-ல் இந்தத் தங்கவயலில்தான். 1940களில் சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அந்த நோய் இருந்தது. அது பூமிக்கு அடியில் துளை போட்டவர்களின் கதை. குன்றின் காற்றில் வாழ்பவர்களுக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தூசி என்ற சொல்லை இந்த ஊர் சாதாரணமாகக் கேட்பதில்லை.

நுரையீரலின் அடிவரை போகும் தூசி 10 மைக்ரானுக்கும் குறைவானது. கொசு வலையின் கண் அதைப்போல நூறு மடங்குக்கு மேல். பெங்களூரு மோஸ்தர் முகப்பு வலையின் கண்ணோ ஆயிரக்கணக்கான மடங்கு. எனவே கம்பி வலை மாட்டினால் தூசி நிற்கும் என்று எந்த வெல்டிங் பட்டறைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். நடப்பது வேறு: வலைக்குப் பின்னால் காற்றின் வேகம் தணிகிறது, கனமான மணல் துகள் கொஞ்சம் அங்கேயே விழுகிறது, பொடித் தூசி சாவகாசமாக உள்ளே வருகிறது. வலையின் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு படலம் படிகிறது. அதைக் குழாய் வைத்துக் கழுவ வேண்டும். கோடையில் குடிநீருக்கே டேங்கர் வர வேண்டிய ஊரில் முகப்பைக் கழுவத் தண்ணீர்? வலைத்திரையின் படங்கள் அச்சாகும் பளபளப்புப் பத்திரிகைகளில் இந்தக் கேள்விக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை.

இந்த நிலைமையில் லைன்களில் இருப்பவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. வேலை போனது, கம்பெனியின் வீட்டில் குடும்பங்கள் தங்கின. அதன்பின் பத்தடி அறைக்கு முன்னால் ஒரு தாழ்வாரம் இழுத்து, கைக்குக் கிடைத்ததை வைத்து மறைப்பது பரவலானது. பின்னல் கம்பி, வெல்ட் மெஷ், பழைய தகடு, நர்சரிக்காரர்கள் போடும் பச்சை நிழல் வலை, சில இடங்களில் இன்னமும் மூங்கில் தட்டி. அதன் மீது பிரண்டையோ மல்லிகையோ அவரையோ ஏற்றிவிட்டால் தூசிக்கு அதைவிட நல்ல சல்லடை கிடையாது. இலையின் சொரசொரப்பு தூசியைப் பிடித்து வைக்கிறது; மழை வந்து கழுவிக் கொடுக்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரே கொடிக்குப் போதும். கட்டடக் கலைஞர் யாரும் வரைந்து கொடுக்காத முகப்பு. ஆனால் வலை, செடி, காற்றிடம், அதற்குப் பின்னால் மூடத்தக்க கதவு என்று பாடப்புத்தகம் கேட்கும் எல்லாம் அதில் இருக்கிறது. பங்களாவின் வராந்தாத் திரை நூறு வருடம் தாமதமாக லைனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றும் சொல்லலாம்.

பெண்களைப் பொறுத்தவரை இந்தத் தாழ்வாரத்தின் மதிப்பே தனி. பத்தடி அறைக்குள் அடுப்பும் படுக்கையும் பள்ளிப் பாடமும் இருக்கும்போது, தெருவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து காற்று வாங்க ஓர் இடம் என்பது சின்ன விஷயமல்ல. ஒரு சிக்கல் உண்டு. வலையின் மறைப்பு பகலுக்கு மட்டும்தான். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு என்றிருக்கும்வரை தெருக்காரருக்கு வலை மட்டும் தெரியும். விளக்கு போட்டதும் கணக்கு தலைகீழ். உள்ளே நடப்பது சினிமாத் திரை போலத் தெரியும். மரச்சட்டத் திரைக்குப் பின்னால் பங்களாக்காரர்கள் கதவை வைத்தது சும்மா இல்லை. பெங்களூருவில் லட்சங்களைக் கொட்டி வலை மாட்டியவர்களும் ராத்திரியில் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொள்கிறார்கள்.

ராபர்ட்சன்பேட்டைப் பக்கமோ, ஊரின் விளிம்பில் விழும் புது மனைகளிலோ வீடு கட்டத் தொடங்கும் பெங்களூரு சம்பளக்காரர்கள் வலைத்திரை கேட்டால் தப்பில்லை. மேற்குச் சுவருக்கு அது நல்லதே. ஆனால் சில விஷயங்களில் கஞ்சத்தனம் கூடாது. சுவருக்கும் வலைக்கும் இடையே குறைந்தது ஓரடி. ஆள் நுழைந்து கழுவும்படி இரண்டடி இருந்தால் உத்தமம். வெளிர் நிற வலை வெயிலில் கண்ணைக் கூசச் செய்து வெளிப்பார்வையைக் கெடுக்கும். கரும்பழுப்போ கருப்போ தெருவை நன்றாகக் காட்டும். சாதா இரும்பு வலைக்கு ரெட் ஆக்சைடு அடித்துப் பெயிண்ட் பூசினாலும் வெட்டு முனைகளில் முதல் மழைக்கே துரு எட்டிப் பார்க்கும்; ஜி.ஐ. வலையோ பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமோ கட்டுப்படியாகும். அலுமினிய வலையை எஃகுத் திருகாணியால் இறுக்குபவர்கள் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாஷர் வைக்க மறந்தால், ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப் போகும். தீ விபத்து என்று வந்தால் வெளியேற ஒரு பகுதியாவது கீலில் திறக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து வெல்டிங் வைத்து மூடிய முகப்பு வீட்டுக்காரரையே சிறை வைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குன்று எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரைபடம் போட வேண்டும். குன்றைப் பார்த்த பக்கத்தில் வலையைவிட இறுக மூடும் ஜன்னலே புத்திசாலித்தனம்.

ஏனென்றால் தூசிக்கு மருந்து வீட்டு முகப்பில் இல்லை. குன்றின் மீது மண் பறக்காமல் புல்லும் புதரும் மூடியிருந்தால்தான் கீழே இருக்கும் வலைக்கு வேலை குறையும். அது தனி ஆள் காரியமல்ல. குன்றுக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டியது. சொந்தக்காரரோ வேறு யோசனையில் இருக்கிறார். மாவில் இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்; தங்கத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பாரத் கோல்டு மைன்ஸின் ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தில் நிற்கும் 13 குன்றுகளையும் ஏலம் விட்டுத் தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்று ஒரு பக்கம் எதிர்பார்ப்பு. நூறு வருடமாக ஓரளவு இறுகிப்போயிருக்கும் மேட்டை இயந்திரம் கிளறும்போது எவ்வளவு மாவு எழும், அதை நனைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் குன்றுக்குக் கீழே இருக்கும் லைன்களின் கதி என்ன என்பது இன்னொரு பக்கம். டெண்டர் ஷரத்துகளில் இதற்கு இடம் வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

அதுவரை லைன்களில் நடைமுறை பழையதுதான். ஆனி பிறந்ததும் தாழ்வாரத்து வலையின் மேல் பழைய சேலையோ தார்பாயோ ஏறுகிறது. ஆவணியில் காற்று தணிந்ததும் இறங்குகிறது. இறக்கிய தார்பாயை நாலு பேராகப் பிடித்துத் தெருவில் உதறும்போது, குன்றின் ஒரு சிறு பகுதி மறுபடி காற்றில் கிளம்பி அடுத்த லைனுக்குப் போகிறது.